ஒரு மைலின் விலை என்ன?

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்சி. கணிதம்)

முன்னுரை

மூன்றடியால் உலகளந்த பெருமாள் கோயில் கொண்டிருக்கும் ஊர் நம் காஞ்சி. அளப்பதும் நிறுப்பதும் இவ்வூர் மக்களுக்குப் புதியவை அல்ல. பாவை முழத்தால் அளக்கிறோம். பட்டு நூலை எடையால் வாங்குகிறோம். ஜரிகையை மார்க் கணக்கில் எண்ணுகிறோம். விமானம் என்றால் கைலாசநாதர் கோயில் விமானமே முதலில் நினைவுக்கு வரும் ஊர் இது. ஆயினும், 2022ஆம் ஆண்டு சென்னையின் இரண்டாவது விமான நிலையத்துக்குப் பரந்தூர் தெரிவு செய்யப்பட்டதிலிருந்து, வானில் பறக்கும் விமானமும் நம் மாவட்டத்தின் அன்றாடப் பேச்சில் இடம் பெற்றுவிட்டது.

நம் கல்லூரி மாணவர்களில் விமானத்தில் ஏறியவர்கள் மிகச் சிலரே. ஆனால் துபாயிலோ சிங்கப்பூரிலோ வேலை செய்யும் தந்தை, அண்ணன், மாமன் உடையவர்கள் பலர். அவர்கள் ஊருக்கு வந்து திரும்பும் ஒவ்வொரு முறையும் விமான நிறுவனம் அவர்கள் பெயரில் 'மைல்' என்ற ஒன்றை எழுதி வைக்கிறது. சில நிறுவனங்கள் அதனைப் 'புள்ளி' என்று கூறும். போதிய மைல்கள் சேர்ந்தால் அவற்றைக் கொடுத்துப் பயணச்சீட்டு பெறலாம். ஆங்கிலத்தில் 'பிரீக்குவண்ட் ஃபிளையர்' என்று வழங்கும் இதனை 'அடிக்கடி பறப்போர் திட்டம்' எனத் தமிழில் கூறலாம்.

இந்த மைல் பணமும் அன்று, பொருளும் அன்று. அப்படியானால் அதன் மதிப்பு என்ன? ஒரு மைலுக்கு எத்தனை காசு? இளநிலைக் கணிதம் கற்கும் ஒருவர் தாளும் பேனாவும் கொண்டு இதற்கு விடை காண முடியுமா என்று பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

மைல் பிறந்த வரலாறு

வாடிக்கையாளரைத் தம்மிடமே திரும்ப வரச் செய்ய வணிகர்கள் பரிசுப் புள்ளி வழங்குவது பழைய வழக்கமே. அமெரிக்காவில் ஸ்பெர்ரி அண்டு ஹட்சின்சன் என்ற நிறுவனம் 1896ஆம் ஆண்டிலேயே பச்சை நிறத் தலைகளை அச்சிட்டுக் கடைகளுக்கு விற்றது. கடைக்காரர், பொருள் வாங்குவோருக்கு அத்தலைகளைத் தருவார். அவர்கள் அவற்றை ஒரு புத்தகத்தில் ஒட்டி நிரப்பி, வீட்டுச் சாமான்களாக மாற்றிக்கொள்வார்கள். இன்றைய மைலுக்கு இதனைப் பாட்டன் எனலாம்.

1978ஆம் ஆண்டு வரை அமெரிக்காவில் விமானக் கட்டணத்தையும் வழித்தடத்தையும் அரசே கட்டுப்படுத்தி வந்தது. அவ்வாண்டு இயற்றப்பட்ட சட்டம் அக்கட்டுப்பாட்டை நீக்கியது. நிறுவனங்களிடையே விலைப் போட்டி மூண்டது. எல்லோரும் விலையைக் குறைத்தால் பயணியைத் தம்மிடம் நிறுத்தி வைப்பது எப்படி? அமெரிக்கன் ஏர்லைன்ஸ் நிறுவனம் தன் 'சேபர்' என்ற முன்பதிவுக் கணிப்பொறியின் துணையுடன் அடிக்கடி பறப்பவர்களைக் கண்டறிந்து, 1981 மே முதல் நாளன்று 'அட்வான்டேஜ்' என்ற திட்டத்தைத் தொடங்கியது. அதே மாதத்தில் யுனைடெட் நிறுவனமும் பின்தொடர்ந்தது. பிற நாட்டு நிறுவனங்களும் பின்னர் இவ்வழியையே பின்பற்றின. நம்மவர் அதிகம் பயன்படுத்தும் சிங்கப்பூர் ஏர்லைன்ஸின் 'கிரிஸ்ஃபிளையர்' 1999ஆம் ஆண்டு தொடங்கியது.

நம் நாட்டில் ஏர் இந்தியா 'ஃபிளையிங் ரிட்டர்ன்ஸ்' என்ற திட்டத்தை நடத்தி வந்தது. 2025ஆம் ஆண்டு அது 'மகாராஜா கிளப்' எனப் பெயர் மாறியது. ஆனால் 2006ஆம் ஆண்டு பறக்கத் தொடங்கிய இண்டிகோ நிறுவனமோ, 2024ஆம் ஆண்டில்தான் 'புளூசிப்' என்ற திட்டத்தைக் கொண்டுவந்தது. இடைப்பட்ட பதினெட்டு ஆண்டுகளில், இத்தகைய மைல் திட்டம் எதுவும் இல்லாமலேயே, அது நாட்டின் மிகப் பெரிய விமான நிறுவனமாக வளர்ந்துவிட்டது. பெரும்பாலான இந்தியப் பயணிகள் மைலை நோக்கியன்று, சீட்டின் விலையை நோக்கியே விமானத்தைத் தேர்ந்தெடுக்கின்றனர் என்பதற்கு இதனைவிடச் சான்று வேண்டுவதில்லை.

இங்கே ஒரு வேடிக்கையைக் குறிப்பிட வேண்டும். தொடக்கத்தில் மைல் என்பது உண்மையாகவே பறந்த தூரத்தைக் குறித்தது. ஆயிரம் மைல் பறந்தவருக்கு ஆயிரம் மைல். 2015இல் டெல்டாவும் யுனைடெட்டும், 2016இல் அமெரிக்கனும் இம்முறையை மாற்றி, செலவழித்த தொகைக்கு ஏற்ப மைல் வழங்கத் தொடங்கின. ஏர் இந்தியாவும் 2024 ஏப்ரலில் அவ்வாறே மாறியது. குதிரை இல்லாமலேயே மோட்டாருக்குக் 'குதிரைத் திறன்' கூறுவது போல, தூரம் போன பின்னும் மைல் என்ற பெயர் நின்றுவிட்டது.

மூன்று விலைகள்

ஒரு பொருளுக்கு ஒரே விலைதான் இருக்க வேண்டும் என்று எண்ணுபவர் நம் ஊர்ப் பட்டுப் புடவையைப் பார்க்க வேண்டும். தறியில் அமர்ந்தவருக்கு அதன் விலை, கூலி. கடைத்தெருவில் அதன் விலை வேறு. இருபது ஆண்டு கழித்து, 'பழைய பட்டுப் புடவை வாங்குகிறோம்' என்று தெருவில் வருபவர் ஜரிகையில் உள்ள வெள்ளியை எண்ணித் தரும் விலை முற்றிலும் வேறு. மூன்றும் உண்மையான விலைகளே. யாருக்கு, எப்போது என்று கேட்காமல் விலை சொல்ல இயலாது.

மைலுக்கும் இவ்வாறே மூன்று விலைகள் உள்ளன. கடன் அட்டை வழங்கும் வங்கிகளுக்கு விமான நிறுவனம் மொத்தமாக மைல்களை விற்கும் விலை ஒன்று. மைல் குறைவாக உள்ள பயணிக்கு அது சில்லறையாக விற்கும் விலை மற்றொன்று. மைல்களைக் கொடுத்துச் சீட்டு எடுக்கும்போது பயணிக்கு உண்மையில் மிச்சமாகும் தொகை மூன்றாவது. முதலிரண்டும் நிறுவனம் சொல்லும் விலைகள். மூன்றாவது நாமே கணக்கிட வேண்டியது.

இம்மூன்றுக்கும் இடையிலுள்ள இடைவெளியைப் பயன்படுத்தி ஆதாயம் பெற்ற ஒருவரும் உண்டு. 1999ஆம் ஆண்டு அமெரிக்காவில் ஓர் உணவு நிறுவனம், தன் பொருள்களின் பட்டைக் குறியீட்டுத் தாள் பத்து அனுப்பினால் 500 மைல் என்றும், முன்கூட்டியே அனுப்பினால் 1,000 மைல் என்றும் அறிவித்தது. கலிபோர்னியாவைச் சேர்ந்த பொறியாளர் ஒருவர், அந்நிறுவனத்தின் 'புட்டிங்' என்ற இனிப்புக் கிண்ணம் வெறும் 25 சென்ட் என்பதைக் கண்டார். 12,150 கிண்ணங்களை வாங்கினார். செலவு சுமார் 3,140 டாலர். கிடைத்த மைல்கள் 12 லட்சத்துக்கும் மேல். அதாவது ஒரு மைலுக்கு அவர் கொடுத்தது கால் சென்ட். இனிப்பை அறநிறுவனத்துக்குக் கொடுத்து, தாள்களைப் பிரித்தெடுக்கும் வேலையையும் அங்குள்ள தொண்டர்களைக் கொண்டே முடித்தார். இத்தகைய வாய்ப்பு எல்லோருக்கும் வாய்ப்பதன்று. எனினும் அவர் செய்ததெல்லாம் ஒரு வகுத்தல் கணக்கே என்பதை மறக்கலாகாது.

பயணியின் கணக்கு

நாமும் அந்த வகுத்தலைச் செய்து பார்ப்போம். ஒரு மைலின் மதிப்பை 'ம' என்க. சீட்டின் ரொக்க விலை 'வி'. மைல் கொடுத்து எடுத்தாலும் ரொக்கமாகக் கட்டியே தீர வேண்டிய வரியும் கட்டணமும் 'வ'. சீட்டுக்குத் தேவைப்படும் மைல்கள் 'தே'.

மேலோட்டமாகப் பார்ப்பவர் வி ÷ தே என்று வகுத்துவிடுவார். அது தவறு. வரியைக் கழிக்க வேண்டும். அத்துடன் இன்னொன்றையும் கழிக்க வேண்டும். ரொக்கம் கொடுத்துச் சீட்டு எடுத்திருந்தால் அப்பயணத்துக்குப் புதிய மைல்கள் கிடைத்திருக்கும். மைல் கொடுத்து எடுக்கும் சீட்டுக்குப் பொதுவாக அவை கிடைப்பதில்லை. இழந்த அம்மைல்களைக் 'கி' என்க. அவற்றின் மதிப்பு கி × ம. ஆகவே,

ம = (வி − வ − கி × ம) ÷ தே

காண வேண்டிய 'ம' சமன்பாட்டின் இருபுறமும் நிற்பதைக் கவனிக்க. மைலின் மதிப்பை அறிய மைலின் மதிப்பே தேவைப்படுகிறது. ஆயினும் அஞ்ச வேண்டியதில்லை. பள்ளி இயற்கணிதமே போதும். 'ம' உள்ள உறுப்புகளை ஒருபுறம் கொண்டுவந்தால்,

ம = (வி − வ) ÷ (தே + கி)

எளிய எண்களை எடுத்துக்கொள்வோம். சென்னையிலிருந்து துபாய்க்கு ஒருவழிச் சீட்டு ரூ. 14,000 என்க. மைல் கொடுத்தால் 20,000 மைலும் வரிக்கு ரூ. 3,000மும் ஆகிறது என்க. ரொக்கத்தில் எடுத்திருந்தால் 2,000 மைல் கிடைக்கும் என்க. அப்போது ம = 11,000 ÷ 22,000 = 50 காசு. மேலோட்டமான வகுத்தல் 70 காசு என்று காட்டியிருக்கும்.

இன்னொருவர், மைல் இல்லாவிட்டால் கொழும்பு வழியாகச் சுற்றிச் செல்லும் ரூ. 9,000 சீட்டில் போகக்கூடியவர் என்று வைத்துக்கொள்வோம். அச்சீட்டுக்கு மைல் ஏதும் கிடையாது. அவருக்கு மிச்சமாவது 14,000 அன்று, 9,000தான். எனவே அவருடைய மைலின் மதிப்பு 6,000 ÷ 20,000 = 30 காசு. ஒரே விமானம், ஒரே இருக்கை, ஒரே மைல். ஆனால் மதிப்பு வேறு.

உயர் வகுப்பு இருக்கைக்கு மைலைப் பயன்படுத்தி, 'என் மைல் ஒன்று ஒன்றரை ரூபாய் பெறும்' என்று பெருமை பேசுவோரும் உண்டு. ரூ. 60,000 சீட்டு, 40,000 மைல், வரி ரூ. 4,000 என்றால் 56,000 ÷ 40,000 = ரூ. 1.40 என்பது அவர்கள் கணக்கு. தம் கைப்பணம் அறுபதாயிரத்தைக் கொடுத்து அந்த இருக்கையை வாங்கியிருப்பவர்க்கே அது பொருந்தும். 'கால் நீட்டிப் படுக்க நான் பதினாறாயிரத்துக்கு மேல் தர மாட்டேன்' என்பவர்க்கு அம்மைலின் மதிப்பு 12,000 ÷ 40,000 = 30 காசே.

வாய்ப்பும் காலமும்

இதுவரை கண்டது, மைலைப் பயன்படுத்தும் அன்று உள்ள மதிப்பு. சேர்க்கும் அன்று உள்ள மதிப்பு இதனினும் குறைவு. அதற்குக் காரணங்கள் இரண்டு.

முதலாவது, நிகழ்தகவு. சேர்த்த மைலை நாம் பயன்படுத்தியே தீருவோம் என்பது உறுதியன்று. மைல் காலாவதி ஆகலாம். நாம் கேட்கும் நாளில் மைலுக்கான இருக்கை இல்லாமற் போகலாம். தீபாவளி, பொங்கல், பள்ளிக் கோடை விடுமுறை நாள்களில் அத்தகைய இருக்கை கிடைப்பது அத்திவரதர் தரிசனம் போல அரிது. அவராவது நாற்பது ஆண்டுக்கு ஒருமுறை, 2019இல் போல, தவறாமல் வெளிவருகிறார்.

இரண்டாவது, காலம். வங்கியில் போட்ட பணத்துக்கு வட்டி உண்டு. மைலுக்கு வட்டி கிடையாது. மாறாக, ஒரு சீட்டுக்கு எத்தனை மைல் என்பதை நிறுவனம் உயர்த்திக்கொண்டே போகலாம். டெல்டா நிறுவனம் 2015ஆம் ஆண்டு, எந்த ஊருக்கு எத்தனை மைல் என்ற அட்டவணையையே தன் பக்கங்களிலிருந்து நீக்கிவிட்டது. அளவுகோலே விற்பவர் கையில் நீண்டும் குறுகியும் போகுமானால் வாங்குபவர் என் செய்வார்?

இவ்விரண்டையும் கணக்கில் கொள்வோம். தேவைப்படும் மைல்கள் ஆண்டுக்கு 10 விழுக்காடு உயர்கின்றன. இரண்டாண்டு கழித்தே பயன்படுத்துகிறோம். பயன்படுத்துவதற்கான நிகழ்தகவு 0.6 என்க. அப்போது 50 காசு மைலின் எதிர்பார்ப்பு மதிப்பு 50 ÷ 1.21 × 0.6 = ஏறத்தாழ 25 காசு. பாதி போய்விட்டது.

இப்போது ஒரு முடிவெடுக்கலாம். மைல் தரும் விமானத்தில் சீட்டு ரூ. 14,000, கிடைப்பது 2,000 மைல். மைல் தராத விமானத்தில் ரூ. 13,000. எதனை வாங்குவது? 2,000 மைலின் எதிர்பார்ப்பு மதிப்பு ரூ. 500. அதற்காக ரூ. 1,000 கூடுதலாகக் கொடுப்பது நட்டம்.

ஆண்டுக்கு ஒருமுறை பறப்பவர்

எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான். விமானப் படி ஏறிய முதல் ஆள் என் தாய்மாமன். தறியை விட்டுவிட்டு மின்பணி கற்றுத் துபாய்க்குப் போனவர் அவர். ஆண்டுக்கு ஒருமுறை ஊருக்கு வருவார். என் பாட்டியை ஒருமுறை விமானத்தில் ஏற்றித் தாம் வேலை செய்யும் ஊரைக் காட்ட வேண்டும் என்பது அவர் ஆசை. அதற்காகவே மைல் தரும் ஒரு விமானத்தில் ஒவ்வொரு முறையும் போகவர ரூ. 2,000 கூடுதலாகக் கொடுத்துச் சீட்டு எடுத்தார். ஒவ்வொரு பயணத்துக்கும் 4,000 மைல். பாட்டியின் ஒருவழிச் சீட்டுக்கு 20,000 மைல் வேண்டும். ஐந்து ஆண்டில் சேர்ந்துவிடும் என்பது அவர் கணக்கு.

ஐந்தாம் ஆண்டு பார்த்தபோது கணக்கில் இருந்தவை 12,000 மைல்களே. 'மாப்ள, நீ கணக்குப் படிக்கிறவன், பாத்துச் சொல்லு. மிச்சம் எங்க போச்சு?' என்று என்னிடம் கேட்டார்.

விதிகளைப் படித்துப் பார்த்தேன். ஒவ்வொரு மைலுக்கும் ஆயுள் மூன்று ஆண்டு. முதல் ஆண்டு 4,000. இரண்டாம் ஆண்டு 8,000. மூன்றாம் ஆண்டு 12,000. நான்காம் ஆண்டு புதிதாக 4,000 வரும்போது முதலாண்டின் 4,000 காலாவதி. ஐந்தாம் ஆண்டு இரண்டாம் ஆண்டினுடையது போகும். இவ்வாறு ஐம்பது ஆண்டு பறந்தாலும் அவர் கணக்கு 12,000ஐத் தாண்டாது. எவ்வளவு ஊற்றினாலும் ஓட்டை இருக்கும் உயரத்துக்கு மேல் குடத்தில் நீர் நிற்காது, அதுபோலத்தான் இதுவும்.

இங்கே நாம் வகுப்பில் படித்த மீப்பெரு முழு எண் சார்பு நினைவுக்கு வருகிறது. 20,000 மைலுக்கு ஒரு சீட்டு என்றால், கிடைக்கும் சீட்டுகளின் எண்ணிக்கை, கையிருப்பை 20,000ஆல் வகுத்துவரும் எண்ணின் முழு எண் பகுதி. 12,000 ÷ 20,000 = 0.6. அதன் முழு எண் பகுதி 0. முன்பு நாம் கண்ட 50 காசும் 25 காசும் அவருக்குப் பொருந்தவே இல்லை. அவருடைய மைலின் மதிப்பு சுழியம்.

ஐந்து ஆண்டில் அவர் கூடுதலாகக் கொடுத்தது ரூ. 10,000. மைல் சீட்டானாலும் வரிக்கு எப்படியும் ரூ. 3,000 வேண்டியிருந்திருக்கும். இரண்டும் சேர்ந்தால் ரூ. 13,000. அதாவது, மைல் தராத விமானத்தில் பாட்டிக்கு ஒரு சீட்டின் முழு விலை. அந்தப் பணத்தை ஆண்டுதோறும் அஞ்சலகத்தில் போட்டு வைத்திருந்தாலே போதுமாயிருந்தது.

இத்திட்டத்தின் பெயரை மீண்டும் ஒருமுறை படித்தால் உண்மை விளங்கும். இது அடிக்கடி பறப்போருக்கானது. மாதம் நான்கு முறை, அதுவும் தம் நிறுவனத்தின் செலவில் பறக்கும் அலுவலருக்கு மூன்றாண்டு என்பது நீண்ட காலம். அவர் கணக்கில் மைல் வழிந்தோடும். ஆண்டுக்கு ஒருமுறை சொந்தப் பணத்தில் பறக்கும் தொழிலாளிக்கு அதே மூன்றாண்டு போதாது. விதி இருவருக்கும் ஒன்றே, விளைவு ஒன்றன்று.

நிறுவனத்தின் கணக்குப் புத்தகம்

காலாவதியான மைல் என்னவாகிறது? விமான நிறுவனத்தின் கணக்கேடு இதற்கு விடை கூறும். மைல் என்பது நிறுவனத்துக்குக் கடன். பின்னொரு நாள் பயணியை ஏற்றிச் செல்வதாக அளித்த வாக்கு. எனவே சீட்டு விற்ற அன்றே முழுத் தொகையையும் வருவாயாக எழுதிக்கொள்ளக் கூடாது என்று கணக்கியல் தரங்கள் கூறுகின்றன. நம் நாட்டில் 2018 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த 'இந்தியக் கணக்கியல் தரம் 115' இதனையே விதிக்கிறது.

ஓர் எடுத்துக்காட்டு: சீட்டு ரூ. 10,000; அதனுடன் 1,000 மைல்; மைல் ஒன்றுக்கு 50 காசு; நூற்றுக்கு எண்பது மைல்களே பயன்படுத்தப்படும் என்பது நிறுவனத்தின் அனுபவம் என்க. மைல்களின் மதிப்பு 1,000 × 0.50 × 0.80 = ரூ. 400. பயணி கொடுத்த 10,000ஐ, 10,000க்கும் 400க்கும் உள்ள விகிதத்தில் பிரித்தால், சீட்டின் பங்கு ரூ. 9,615, மைலின் பங்கு ரூ. 385. இந்த 385 கடனாக எழுதப்பட்டு, மைல்கள் பயன்படும்போது மெல்ல மெல்ல வருவாயாகிறது.

நூற்றுக்கு இருபது பேசாமல் மடியும் என்று முன்னதாகவே கணக்கிட்டு வைத்திருப்பதைக் கவனிக்க. என் மாமாவின் மைல்கள் போன்றவை அந்த இருபதில் அடங்கும். யாருடையவை மடியும் என்பது நிறுவனத்துக்குத் தெரியாது. எத்தனை மடியும் என்பது நன்றாகத் தெரியும். புள்ளியியலின் ஆற்றல் அது.

இந்தக் கடன் எவ்வளவு பெரிது? 'தி எகானமிஸ்ட்' இதழ் 2005 ஜனவரியில் உலகெங்கும் பயன்படுத்தப்படாமல் இருந்த மைல்களை 14 லட்சம் கோடி என்று மதிப்பிட்டது. அவற்றின் மதிப்பு 70,000 கோடி டாலருக்கு மேல். புழக்கத்தில் இருந்த டாலர் தாள்கள், நாணயங்கள் அனைத்தையும் விட அதிகம் என்றும் எழுதியது. வகுத்துப் பார்த்தால் மைல் ஒன்றுக்கு 5 சென்ட் வருகிறது. மைலுக்கு ஒரு சென்ட் என்று கொண்டால் அதே குவியல் 14,000 கோடி டாலராகச் சுருங்கிவிடும்.

2020ஆம் ஆண்டு கொரோனாத் தொற்றால் விமானங்கள் தரையில் நின்றபோது இன்னொரு புதுமை நிகழ்ந்தது. யுனைடெட் நிறுவனம் தன் மைல் திட்டத்தையே அடகு வைத்து 680 கோடி டாலர் கடன் பெற்றது. அத்திட்டத்தின் மதிப்பு சுமார் 2,190 கோடி டாலர் எனக் கூறப்பட்டது. அப்போது அந்நிறுவனப் பங்குகள் அனைத்தின் சந்தை மதிப்பும் அவ்வளவு இல்லை. மைலை விலைகொடுத்து வாங்கும் வங்கிகள் இருக்கும் வரை, விமானம் பறக்காவிட்டாலும் மைல் விற்கும் என்பதே அதன் காரணம்.

மைல் யாருடைய சொத்து?

சேர்த்த மைல் நமக்குச் சொந்தமா? திட்டங்களின் விதிகள் பெரும்பாலும் இல்லை என்றே கூறும். அமெரிக்காவில் நார்த்வெஸ்ட் நிறுவனம் ஓர் உறுப்பினரை நீக்கிவிட்ட வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. நிறுவனம் நல்லெண்ணத்துடன் நடந்துகொள்ளவில்லை என்பது அவர் முறையீடு. 1978ஆம் ஆண்டுச் சட்டத்தின் முன் அம்முறையீடு நில்லாது என்று 2014 ஏப்ரலில் நீதிமன்றம் கூறிவிட்டது.

நிறுவனமே மறைந்தால்? கிங்ஃபிஷர் விமானங்கள் 2012 அக்டோபரில் நின்றன. அதன் 'கிங் கிளப்' மைல்களைச் சேர்த்தவர்களுக்கு ஏறிச் செல்ல அந்நிறுவனத்தின் விமானம் இல்லை. ஜெட் ஏர்வேஸ் 2019 ஏப்ரல் 17 அன்று நின்றது. ஆனால் அதன் மைல் திட்டம் முன்பே தனி நிறுவனமாகப் பிரிக்கப்பட்டு, அபுதாபியின் எதிஹாட் அதில் பெரும்பங்கு கொண்டிருந்தது. எனவே அத்திட்டம் உடனே மடியாமல், அவ்வாண்டின் இறுதியில் 'இன்டர்மைல்ஸ்' என்ற புதுப் பெயரில் தொடர்ந்தது. விஸ்தாரா நிறுவனம் 2024 நவம்பரில் ஏர் இந்தியாவுடன் இணைந்தபோது அதன் புள்ளிகள் ஏர் இந்தியாவின் திட்டத்துக்கு மாற்றப்பட்டன. மூன்று நிறுவனங்கள், மூன்று முடிவுகள். பயணியைக் கேட்டு எடுக்கப்பட்ட முடிவு இவற்றுள் ஒன்றும் இல்லை.

முடிவுரை

மேற்கூறியவற்றால், மைலுக்கு நிலையான விலை இல்லை என்பதும், அதன் மதிப்பு பயணியின் மாற்று வழி, பயன்படுத்தும் வாய்ப்பு, கையிருப்பு எல்லையைத் தொடுகிறதா என்பது ஆகிய மூன்றையும் பொறுத்தது என்பதும் விளங்கும். இதனால் மைலே வேண்டாம் என்று கூறவில்லை. இத்திட்டங்கள் பலவற்றில் உறுப்பினராகக் கட்டணம் இல்லை. நிறுவனமோ முகவரோ எடுத்துத் தரும் சீட்டானாலும், உறுப்பினர் எண்ணைக் கொடுத்தால் மைல் பறப்பவர் கணக்கிலேயே சேரும். சில திட்டங்களில் குடும்பத்தினர் தம் மைல்களை ஒன்றாகச் சேர்க்கலாம். வேறு சிலவற்றில் பாதி மைல், பாதி ரொக்கம் என்று கட்டலாம். இவ்விரு வசதிகளும் 0.6ஐ 1 ஆக்கவோ, 0.6க்கும் பயன் கிடைக்கவோ உதவும்.

வெளிநாட்டில் உறவினர் உள்ள மாணவ நண்பர்கள் அவர்கள் சார்பில் மூன்று கேள்விகளைக் கேட்டுப் பார்க்க வேண்டுகிறேன். மைலின் ஆயுள் எத்தனை ஆண்டு? குறைந்த அளவுச் சீட்டுக்கு எத்தனை மைல்? ஆண்டுக்கு எத்தனை சேர்கிறது? ஆயுளையும் ஆண்டுச் சேர்க்கையையும் பெருக்கி வரும் எண் தேவையைவிடக் குறைவானால், அந்த மைலுக்காக ஒரு ரூபாயும் கூடுதலாகக் கொடுக்க வேண்டாம். இதற்குப் பெருக்கல் வாய்ப்பாடு போதும், பட்டம் தேவையில்லை. ஆனால் நம் வீடுகளில் அந்த விதிகளை எடுத்துப் படித்துக் காட்ட ஓர் ஆள் தேவைப்படுகிறது. படிக்க வந்த நாம்தான் அந்த ஆள்.

மாமா அடுத்த முறை ஊருக்கு வந்து திரும்பும்போது, எது விலை குறைவோ அந்த விமானத்தில் ரொக்கம் கொடுத்தே பாட்டிக்குச் சீட்டு எடுப்பது என்று வீட்டில் முடிவாகியுள்ளது. அந்த விமானத்தில் மைல் திட்டம் இருந்தால் பாட்டியின் பெயரையும் பதிந்துவிடுவோம், அதற்குச் செலவில்லை.